கொதிக்காத மிரின்

தன் சாப்பாட்டுக் கடையில், சுகியுராவுக்கு வைக்கும் கீரைக் கிண்ணத்தில் மட்டும் நொபுயோ அன்று மிரினைக் கொதிக்க வைக்காமல் ஊற்றினாள். மிரின் இனிக்கும் அரிசி மதுதான். அடுப்பில் ஏற்றி, கிளம்பும் ஆவியைப் பற்றவைத்து, தீ தானாக அடங்கும்வரை விட்டால் போதை பறந்துவிடும், இனிப்பு மட்டும் நிற்கும். மிரினுக்குப் பேர்போன ஹெகினான் ஊரில் பிறந்த பெண் தூக்கத்தில்கூட இதை மறக்க மாட்டாள். ஆனால் பல வருடங்களுக்கு முன், ஒரே ஒரு நாள் காலையில் நொபுயோ மறந்தாள்.

அன்று அவள் கணவன், பஸ் டிரைவர் யசுஹிகோ, அந்தக் கீரையை இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, கடைக்கு எதிரே இருந்த பஸ் டிப்போவுக்கு ஓடினான். வண்டி எடுக்குமுன் டிரைவர்கள் ஊத வேண்டிய, மூச்சில் மது இருக்கிறதா என்று பார்க்கும் கருவி கீச்சிட்டது. மதுவை மோந்துகூடப் பார்க்காத மனிதன் அவன்! மேற்பார்வையாளன் சுகியுரா எதையும் காதில் வாங்கவில்லை. விஷயம் தெரிந்து ஓடிய நொபுயோ, தலை தரையில் படக் குனிந்து கெஞ்சினாள்.

"கீரையில மிரின் சார். நான்தான் கொதிக்க வைக்க மறந்துட்டேன்."

"நல்லா ஜோடிச்சுட்டு வந்திருக்கியேம்மா" என்று சிரித்தான் சுகியுரா.

வேலை போனது. குடிகாரன் என்ற பெயரைச் சுமந்துகொண்டே யசுஹிகோ சில வருடங்களில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். என் கையாலேயே அவரைக் கொன்றுவிட்டேன் என்று நொபுயோ தன்னையே தின்றுகொண்டிருந்தாள். அந்தப் பாவி சுகியுராவோ கூச்சநாச்சம் இல்லாமல் தினமும் அவள் கடையிலேயே வந்து சாப்பிட்டான். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு பரிமாறினாள். இப்போது டிரைவர் பஞ்சம். சுகியுராவே பஸ் ஓட்டினான், அவனும் ஊதித்தான் ஆக வேண்டும். இதற்காகத்தான் அவள் காத்திருந்தாள்.

"இன்னிக்குக் கீரை ஜோரா இருக்கே!" என்று அவன் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

நொபுயோ ஜன்னலை விட்டு நகரவில்லை. ஊதுடா, ஊது. உன் பிழைப்பிலும் மண் விழட்டும். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பஸ் வெளியே வந்தது. ஓட்டியவன் சுகியுரா. அவள் ஜன்னலைப் படாரென்று சாத்தினாள்.

மறுநாள் காலை கடை நிறைய டிரைவர்கள். சுகியுரா நடுவில் உட்கார்ந்து கதை அளந்துகொண்டிருந்தான்.

"நேத்து மெஷின் கத்திடுச்சுப்பா! வெலவெலத்துப் போயிட்டேன். அப்புறம் ஒரு கிளாஸ் தண்ணில நல்லா வாய் கொப்பளிச்சுட்டு, கால் மணி நேரம் விட்டு ஊதினேன். ஜீரோ!"

"ரெண்டாவது வாட்டி ஊதலாமா?" என்று கேட்டான் கமியா. யசுஹிகோவிடம் வண்டி பழகியவன்.

"ஊத விடணும்னு உத்தரவே இருக்கே. சாப்பாட்டுல இருந்து வர்றது வாயோட போயிடும், குடிச்சதுதான் நிக்கும். மெஷினோடவே வந்த உத்தரவு. என்னை மாதிரி மேற்பார்வை பார்க்கிற ஆளுங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

நொபுயோ கரண்டியைக் கீழே வைத்தாள். ஒரு கிளாஸ் தண்ணீர். இத்தனை வருடம் அவள் அழுதது ஒரு கிளாஸ் தண்ணீருக்காகவா!

"அப்போ என் வீட்டுக்காரருக்கு ஏன் சார் அந்தத் தண்ணியக் குடுக்கல?"

சுகியுரா கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். "அது... அவன் எதிர்த்துப் பேசுவான். எனக்குப் பிடிக்காது. பழைய கதை, விடும்மா."

"விடறதா? என் கையாலதான் போனாருன்னு தினம் தினம் செத்தேன்யா நான்! நேத்து உன் கீரையில வேணும்னேதான் பச்சை மிரின் ஊத்தினேன். எங்க வேணா போய்ச் சொல்லு. நீ பண்ணினதையும் சேர்த்துச் சொல்லு."

சுகியுரா துணைக்கு ஆள் தேடிச் சுற்றிலும் பார்த்தான். கமியா சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

"இந்த ஆள் முன்னாடி நான் ஊத மாட்டேன்."

"நானும்தான்" என்றது ஒரு குரல். அப்புறம் இன்னொன்று. எழுந்தவர்கள் டிப்போவுக்குள் போகாமல் வாசலிலேயே நின்றார்கள்.

அன்று காலை ஹெகினானில் ஒரு பஸ்கூட நேரத்துக்குக் கிளம்பவில்லை.