கிரீடம் சின்னத்தில் நின்ற குப்பாயி

வெண்ணந்தூரை ஒட்டிய தறிக்காரத் தெரு அது. மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் தெருவில் ஏறிவிடும். வடிகிற வரைக்கும் யாரும் நெசவுக்கான பாவு நூலைத் தெருவில் நீட்ட முடியாது, தறி சும்மா கிடக்கும். பஞ்சாயத்தில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான், அறுபதாம் வருஷத் தேர்தலில் தானே நிற்பதென்று குப்பாயி முடிவு செய்தாள். புருஷன் ராசு தலையைச் சொறிந்தாலும் தடுக்கவில்லை.

அவளுக்குக் கிடைத்த சின்னம் கிரீடம். எதிர்த்து நின்ற மருதாசலத்துக்குக் குடை.

குடையை யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம். கிரீடம் அப்படியில்லை. ராசு கரித்துண்டை எடுத்துச் சுவரில் ஒன்று வரைந்தான். பார்த்தவர்கள் அன்னாசிப் பழமா என்று கேட்டார்கள். அழித்துவிட்டு மறுபடி வரைந்தான். இந்த முறை பூண்டு என்றார்கள். தெருவில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. சின்னத்தைப் பார்த்துத்தான் ஓட்டுப் போட வேண்டும்.

அந்த ஊரில் பென்சில் பிடித்துக் கோடு இழுக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். சேலைக் கரைக்குக் கட்டம் போட்ட தாளில் அன்னமும் மாங்காயும் வரைந்து கொடுப்பவர். அவர்தான் மருதாசலம்.

ஒரு பகல் முழுக்க யோசித்துவிட்டு, மறுநாள் காலை குப்பாயி அவர் வீட்டுக்குப் போனாள்.

"ஏனுங்ண்ணா, ஒரு உதவி கேட்டு வந்தேனுங்க. எனக்குக் கிரீடம் ஒண்ணு வரஞ்சு குடுக்கோணும்."

உள்ளே பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி மயிலம்மாளின் கை நின்றது. மருதாசலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நானு உன்ன எதுத்து நிக்கறவனம்மிணி. நான் போட்டா நம்புவியா?"

"நீங்க கோடு போட்டுப் பாத்திருக்கேனுங்க. கோணலாப் போட உங்களுக்கு வராது."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "செரி, போ. வாரேன்."

வரமாட்டார் என்றுதான் ராசு சொன்னான். ஆனால் உச்சிப் பொழுதில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு மருதாசலம் வந்தார். அவர் ஆட்கள் இரண்டு பேர் பின்னாலேயே வந்து, "உங்களுக்கு என்னங்க தலையெழுத்து?" என்று முணுமுணுத்தார்கள்.

"எது என்னன்னு தெரியாம குத்தற ஓட்டுல நான் ஜெயிச்சா, அது ஒரு ஜெயிப்பாய்யா?" என்று கேட்டுவிட்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பினார்.

வெள்ளையடித்த சுவரில் நூலைப் பிடித்து நடுக்கோடு போட்டார். கீழே அகலமாக ஒரு பட்டை, அதில் வரிசையாக மணிகள். மேலே ஐந்து முகடுகள். நடுவிலிருப்பது உயரம், ஓரத்துக்குப் போகப்போகத் தாழ்வு. இடப்பக்கத்து வளைவை முடித்துவிட்டு அதே வளைவை வலப்பக்கம் இழுத்தபோது, வேடிக்கை பார்த்த கூட்டம் இன்னும் கிட்டே வந்தது. உச்சியில் ஒரு கல்லை வைத்து, பென்சிலைச் சாய்த்து நிழல் கொடுத்தார். சுவரில் ராஜா ஒருவர் கழற்றி வைத்ததுபோல் கிரீடம் நின்றது.

"கோட்டுக்குள்ள மஞ்சளப் பூசிக்கோ. வெளிய போவாம பாத்துக்கோ" என்றார். இன்னும் மூன்று சுவர்களிலும் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

குப்பாயி ஜெயித்தாள். கொஞ்ச ஓட்டு வித்தியாசம்தான்.

சேதி வந்ததும் தெரு அவளைத் தூக்கிக் கொண்டாடியது. அவளுக்கோ, படம் போட்டுக் கொடுத்தவர் தோற்றது உறுத்தியது. மாலையைக் கழற்றி ராசு கையில் கொடுத்துவிட்டு நேரே மருதாசலத்தின் வீட்டுக்கு நடந்தாள். வாசலில் நின்று கைகூப்பினாள். கண்ணீர் வந்துவிட்டது.

"எதுக்கு அழுவற?" என்றார் மருதாசலம். அவர் முகம் வாடியிருந்தது. அதை அவர் மறைக்கவுமில்லை. "படம் போட்டது நானு. ஓட்டு வாங்குனது நீயி. ரெண்டையும் கொழப்பிக்காத. சாக்கடைய மட்டும் வெட்டிப்புடு."

"நீங்க போடலீன்னா என்னைய யாருக்குமே தெரிஞ்சிருக்காதுங்க. நான் இருக்கற வரைக்கும் மறக்க மாட்டேனுங்க."

மயிலம்மாள் முகங்கொடுக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். குப்பாயி அவளையும் கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். நாலடி போயிருப்பாள்.

"நில்லு."

மயிலம்மாள் செம்பில் மோரோடு வந்தாள். "காலைல இருந்து ஒண்ணும் குடிச்சிருக்க மாட்ட. எனக்குக் கோவந்தான், இல்லீங்கல. அதுக்காவ ஊட்டு வாசல்ல வந்தவள வெறும் வயித்தோட அனுப்பறதா?"

குப்பாயி அண்ணாந்து மோரைக் குடித்தாள். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. செம்பைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.