மெலிவதற்கு மூன்று கிழமை

2007 பெப்ரவரி 12, திங்கட்கிழமை, திருகோணமலை உட்துறைமுக வீதியிலுள்ள மருந்துக்கடைத் தராசில் பாக்கியரத்தினத்தின் எடை எழுபத்தொரு கிலோவாக இருந்தது.

ஒன்றரை வருடத்துக்கு முன் அது ஐம்பத்தேழு. கப்பல்களுக்குச் சாமான் வழங்கும் ஒரு கம்பெனியின் களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அவரை அங்கிருந்தவர்கள் ஊர்ப்பெயரோடு சேர்த்து "கட்டைபறிச்சான் நெத்தலி" என்று கூப்பிடுவார்கள். முப்பத்திரண்டு வயதில் அந்தக் கேலி அவருக்குச் சுட்டது. பழைய பெயின்ட் வாளிகளில் சீமெந்தை வார்த்து, நடுவில் குழாயைச் செருகி, தினமும் காலையில் வீட்டின் பின்கோடியில் பாரம் தூக்கத் தொடங்கினார். பிடரிக்குக் கீழே குழாயை வைத்துக்கொண்டு குந்தி எழும்புவார். பிறகு தகரப் பேணியில் வரும் புரதமாவைப் பாலில் கரைத்துக் குடிப்பார். கேலி நின்றுவிட்டது.

இப்போது அவருடைய துறைமுகப் பாஸ் முடிகிற காலம். புதுப்பிக்கும் விசாரணை மார்ச் 5ஆம் தேதி. இந்த முறை படையினர் சட்டையைக் கழற்றித் தோளையும் முழங்கையையும் பார்க்கிறார்கள் என்று கம்பெனியில் கதை. துவக்குத் தூக்கிப் போரிட்ட தழும்பைத்தான் தேடுகிறார்களாம். பாக்கியரத்தினத்தின் இரண்டு தோள்களிலும் குழாய் அழுத்திய இடம் கறுத்துத் தடித்துப்போயிருந்தது. அடையாள அட்டையில் இருந்த விலாசம் கட்டைபறிச்சான். அது நேற்றுவரை போராளிகளின் கையில் இருந்த ஊர்.

அதனால்தான் அவரைத் தராசில் ஏற்றிவிட்டு மனைவி கமலாதேவி கடைக்காரரிடம் போனாள்.

"ஜவாஹிர் நானா, அந்தப் பேணியை நிப்பாட்டினால் இவருக்கு உடம்பு பழையபடி வந்திடுமோ?"

ஜவாஹிர் கண்ணாடியைக் கழற்றினார். "நிப்பாட்டினா உங்கட அலுமாரியில இடம் மிஞ்சும், தங்கச்சி. வேற ஒண்டும் நடக்காது."

"உந்தப் பேணியாலைதானே ஊதினவர்?"

"பேணியால இல்ல. சீமெந்து வாளியால. முட்டையும் மீனும் பருப்பும் திண்டிருந்தாலும் இந்த உடம்பு வந்திருக்கும். மாவை மட்டும் குடிச்சிட்டுக் கதிரையில இருந்திருந்தா வயிறுதான் வந்திருக்கும்."

"விக்கேக்கை இதைச் சொல்லேல்லையே நீங்கள்!" என்றார் பாக்கியரத்தினம்.

"நீங்க கேக்கல்லையே, தம்பி."

கமலாதேவி சிரிக்கவில்லை. மெலிகிற குளிசை இருக்கிறதா என்று கேட்டாள். ஜவாஹிர் தலையை ஆட்டினார். அது கொழுப்பைக் கரைக்காது, உடம்பிலுள்ள தண்ணீரைத்தான் வெளியேற்றும், நெஞ்சுக்கும் கூடாது என்றார். பாரம் தூக்காமல் விட்டால் சதை மெல்ல மெல்லக் குறையும், அதற்கும் மாதக்கணக்கு வேண்டும் என்றார்.

"எங்களுக்கு மூண்டு கிழமைதான் இருக்கு, நானா."

"அப்ப இப்பிடியே போகச் சொல்லுங்க. பாரம் தூக்கிறன் எண்டு உண்மையைச் சொல்லட்டும்."

வெளியே வந்ததும் கமலாதேவி சொன்னாள்: "நானாவுக்கென்ன, அவரிட்டையே சட்டையைக் கழட்டச் சொல்லப்போகினம்?"

குளிசையைச் சந்தைப் பக்கத்து ஒரு கடையில் அவள் வாங்கினாள். பெயர் ஒட்டாத பொலித்தீன் பைக்குள் மஞ்சள் குளிசைகள். ஒரு நாளைக்கு மூன்று. சோற்றையும் அரைவாசியாகக் குறைத்தாள். வாளிகள் கிணற்றடிக்குப் போயின. தழும்பில் இரவும் காலையும் தேங்காயெண்ணெய் தேய்த்தாள். தேய்க்கும்போதெல்லாம் விரலால் தடவிப் பார்த்தாள். தடிப்பு அப்படியே இருந்தது.

இரண்டாம் கிழமை பாக்கியரத்தினத்தின் கன்னம் ஒட்டிவிட்டது. நித்திரை போய்விட்டது. கதவு அடிபட்டாலும் திடுக்கிட்டார். தேத்தண்ணிக் கோப்பை கையில் நிற்கவில்லை.

"இஞ்சாருங்கோ, குளிசையை விடுவமே?"

"இவ்வளவு தூரம் வந்திட்டம். இன்னும் ஏழு நாள்தானே, தேவி."

மார்ச் 5ஆம் தேதி காலை கமலாதேவி பாஸ் அலுவலக வாசலுக்கு அப்பால், முள்ளுக்கம்பிச் சுருளுக்கு இந்தப் பக்கம் நின்றாள். அவரை ஒன்பது மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி சிங்களத்தில் கேட்க, பக்கத்தில் நின்ற எழுதுவினைஞர் தமிழில் சொன்னார். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். அதிகாரி எழுந்து பின்னால் வந்து தோளைப் பார்த்தார். ஒரு விரலால் தழும்பின் நீளத்தை அளந்தார்.

"பாரம் தூக்கிறனான், சேர்" என்றார் பாக்கியரத்தினம்.

எழுதுவினைஞர் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அதிகாரி சிரித்தார். தன் கொலரை இழுத்துப் பிடரிக்குக் கீழே காட்டினார். அங்கேயும் அதே இடத்தில் அதே கறுப்பு.

"ஐயாவும் தூக்கிறவராம். துவக்கு வார்த் தழும்பு இப்பிடிக் குறுக்கால விழாது எண்டு சொல்லுறார். எவ்வளவு தூக்குவீர் எண்டு கேக்கிறார்" என்றார் எழுதுவினைஞர்.

"எண்பது கிலோ, சேர். ஒண்டரை வருசமாத் தூக்கிறன்."

"என்ன மா குடிக்கிறனீர்?"

பாக்கியரத்தினம் பேணியின் பெயரைச் சொன்னார். அதிகாரி முகத்தைச் சுளித்து ஏதோ சொன்னார்.

"அது வெறும் சீனியாம். காசைக் கரியாக்காமல் முட்டை திண்ணட்டாம்."

பாக்கியரத்தினத்துக்கும் சிரிப்பு வந்தது. சட்டையைப் போடச் சொன்னார்கள். படிவம் மேசைக்கு வந்தது. கையொப்பமிடப் பேனையை எடுத்தபோது அவருடைய கை நடுங்கியது. மறு கையால் மணிக்கட்டைப் பிடித்தார். அது இன்னும் மோசமாக நடுங்கியது.

அதிகாரி பேனையைத் திருப்பி வாங்கினார். பாக்கியரத்தினத்தின் ஒட்டிய கன்னத்தையும் தொளதொளத்த சட்டையையும் இப்போதுதான் சரியாகப் பார்த்தார். சட்டைச் சேப்பைக் காலியாக்கச் சொன்னார். பொலித்தீன் பை மேசைக்கு வந்தது.

"இது என்ன?"

"குளிசை, சேர்."

"என்னத்துக்கு?"

"மெலியுறதுக்கு."

எழுதுவினைஞர் அதைச் சொன்னதும் அதிகாரி கதிரையில் நிமிர்ந்திருந்து மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்.

"ஒண்டரை வருசம் கஷ்டப்பட்டு உடம்பை வளத்த ஒருத்தன், விசாரணைக்கு வர முன்னம் அதை ஏன் குறைக்கிறான் எண்டு கேக்கிறார்."

பாக்கியரத்தினம் வாயைத் திறந்தார். உங்களுக்குப் பயந்து என்று சொல்லலாம். பயம் ஏன் என்று அடுத்த கேள்வி வரும். வேறு காரணம் சொல்ல வேண்டும். ஒன்றும் வரவில்லை.

"கேட்டதுக்கு மறுமொழி சொல்லுமன், ஐசே" என்றார் எழுதுவினைஞர் தாழ்ந்த குரலில். "ஏதாவது சொல்லும்."

"உடம்புக்கு ஏலாமல் கிடந்தது" என்றார் பாக்கியரத்தினம்.

"என்ன வருத்தம்? ஆர் டொக்டர்?"



பதினொரு மணிக்கு ஒருவர் வாசலுக்கு வந்து, வீட்டுக்குப் போகலாம் என்று கமலாதேவியிடம் சொன்னார். தன் கணவர் எங்கே என்று அவள் கேட்டாள். விசாரிக்கிறார்கள் என்றார். அவள் போகவில்லை. பின்னேரம் நான்கு மணிக்கு அலுவலகம் பூட்டப்பட்டது.

பாக்கியரத்தினம் ஒன்பதாம் நாள் விடுவிக்கப்பட்டார். அவர் மீது குற்றச்சாட்டு எதுவும் பதியப்படவில்லை. பாஸ் புதுப்பிக்கப்படவில்லை. களஞ்சிய வேலைக்குக் கம்பெனி வேறொருவரை எடுத்தது.