கல்பட்டறைத் தெரு

வந்த இடத்தில் வாயைக் கொடுத்து வம்பை விலைக்கு வாங்கக் கூடாது என்று பஸ்ஸில் வரும்போதே அவள் தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டிருந்தாள். நாத்தனார் அதை வாசலிலேயே முறித்துப் போட்டாள்.

"வாம்மா எக்ஸ்ரேக்காரி! எலும்பு எண்றதுக்கு இந்த ஊர்லயும் ஆள் கிடைக்கலையாக்கும்?"

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவள் தொழில். பதினோரு வருடம் ஒரே ஆஸ்பத்திரியில் இருந்தவளுக்கு, இந்தப் பெரிய நகரத்தில் தலைமை டெக்னீஷியன் வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் சேர வேண்டும். அதற்குள் குடியிருக்க ஒரு ஏரியா பார்த்து, மகளுக்குப் பள்ளிக்கூடம் பார்த்து, சாமான்களை ஏற்றி இறக்க வேண்டும். வீடு தேட மூன்று நாள் லீவு. தங்குவதற்கு நாத்தனார் வீடு. கணவனின் அக்கா என்ற முறைக்கு 'அண்ணி' என்று கூப்பிடுவாளே தவிர, கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம்.

"குடிக்கத் தண்ணி கொடுங்க அண்ணி, அப்புறம் எண்றேன்" என்றாள் அவள். பத்து வயது மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கணவன் பைகளை இறக்கி வைப்பதில் மும்முரமாக இருந்தான்.

நாத்தனாரின் கணக்கில் ஏரியா தேடும் வேலையே இல்லை. எதிர்வீட்டு மாடி காலியாக இருந்தது. கீழே ஷட்டர் போட்ட ஒரு அறையும் சும்மா கிடந்தது. "தம்பி கண் முன்னாடி இருப்பான். எனக்கு ஒரு அவசரம்னா ஓடி வருவான். பொண்ணு இந்தத் தெரு ஸ்கூலுக்கு நடந்தே போகும். இதுக்கு மேல என்ன வேணும்?" என்று கேட்டபடியே சாவியை வாங்கி வந்து மாடியைத் திறந்து விட்டாள்.

அறைகள் பெரியவை. வெளிச்சமும் இருந்தது. அவள் நேராக ஜன்னலுக்குப் போய்க் கட்டையில் விரலை ஓட்டினாள். விரல் மாவு தொட்டதுபோல வெளுத்தது. தெரு முனையில் கிரானைட் பலகைகளை அறுக்கும் பட்டறை ஒன்று 'கிர்ர்' என்று கத்திக்கொண்டிருந்தது. அங்கிருந்து கிளம்பிய வெள்ளைத் தூள் மரத்து இலையில், நிறுத்தியிருந்த வண்டிகளில், மின்கம்பிகளில் எல்லாம் படிந்து கிடந்தது. மகளுக்கு வீசிங் உண்டு. போன வருடம் மட்டும் இரண்டு தடவை ஆக்சிஜன் வைக்க வேண்டியிருந்தது. மகளின் நெஞ்சுப் படத்தை எடுத்ததும் அவள்தான். எடுத்து முடித்த பிறகு இருட்டறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"இந்தத் தூசியில இவளை வெச்சிருக்க முடியாது அண்ணி."

"நாங்க இருபது வருஷமா இருக்கோம். செத்தா போயிட்டோம்?"

"உங்களுக்கு வீசிங் இல்லை."

"எங்க தெருவே உனக்குத் தூசியாப் போச்சு, இல்ல? படிச்சவ பாரு. வந்தவுடனே விரலை விட்டுப் பார்க்கிறா, வீட்டைப் பார்க்க மாட்டேங்கிறா."

கணவன் குறுக்கே வந்தான். "ஜன்னலைச் சாத்தி வெச்சா என்ன? நான் ஏசி மாட்டிக் கொடுத்துடறேன்." ஃப்ரிட்ஜும் ஏசியும் ரிப்பேர் செய்வது அவன் வேலை. ஏசி போட்டால் உலகத்தில் தீராத பிரச்சினை இல்லை என்பது அவன் கட்சி.

"ஸ்கூலுக்கும் ஏசி மாட்டுவீங்களா? தெருவுக்கு?"

அன்று முழுக்க அந்த வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. நாத்தனார் டம்ளரை வைத்த வைப்பில் மேஜையில் இருந்த கரண்டி எகிறிக் கீழே விழுந்தது.

மறுநாள் காலையிலேயே அவள் ஆஸ்பத்திரிப் பக்கம் கிளம்பினாள். கணவன் வேண்டாவெறுப்பாகக் கூட வந்தான். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மூன்று தெரு தள்ளி, அகலமான சாலை, நர்ஸரிச் செடிக் கடை, அதற்கு அடுத்து ஒரு பள்ளிக்கூடம். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் முதல் மாடியை வாடகைக்கு விட இருந்தார். அவள் வழக்கம்போல ஜன்னல் கட்டையைத் தொட்டுப் பார்த்தாள். விரல் விரலாகவே இருந்தது. மகள் மாடிப்படியில் மூன்று முறை ஏறி இறங்கினாள். ஒரு இருமல் இல்லை.

தபால்காரர் ஒரு கேள்வி விடாமல் கேட்டார். அவளும் விடாமல் பதில் சொன்னாள். "நாளைக்குக் காலையில முன்பணத்தோட வாங்கம்மா, எழுதிடலாம்" என்றார். கணவன் அவருடைய நம்பரைத் தன் போனிலும் குறித்துக்கொண்டான். அவளுக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. மனுஷன் இறங்கி வந்துவிட்டான் என்று நினைத்தாள்.

மூன்றாம் நாள் போனபோது கேட் உள்ளே பூட்டியிருந்தது. தபால்காரர் கம்பிக்கு அந்தப் பக்கமே நின்றார்.

"வீடு இல்லைம்மா."

"நேத்து எழுதிடலாம்னீங்களே?"

"நேத்து எனக்கு விஷயம் தெரியாது. கீழ என் பொண்ணு மாசமா இருக்கா. காசநோய் வந்த பிள்ளையை மாடியில குடி வெச்சுட்டு நான் நிம்மதியா இருக்க முடியுமா? உங்களுக்கே நியாயமா இருக்கா?"

"யார் சொன்னது? அவளுக்கு வீசிங். அது ஒட்டுற நோயே இல்லை. நான் படம் எடுக்கிறவ சார், எனக்குத் தெரியாதா? படத்தைக் கொண்டு வந்து காட்டட்டுமா?"

"போன் வந்துச்சு. உங்களுக்கு வேண்டப்பட்டவங்கதான். குழந்தை எத்தனை தடவை ஆஸ்பத்திரியில படுத்திருந்துச்சுங்கிறது வரைக்கும் சொன்னாங்க. போங்கம்மா, என்னை வம்புல இழுக்காதீங்க."

மகள் அம்மாவின் கையை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றாள், தன்னால் யாருக்கோ ஒட்டிவிடும் என்பதுபோல. அதைப் பார்த்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கணவன் தெருவின் அந்தப் பக்கம் செடிக் கடை நிழலில் நின்று தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கல்பட்டறைத் தெருவுக்குத் திரும்பியதும் அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என் மேல கோபம்னா என்னை நாலு வார்த்தை கேளுங்க அண்ணி. பச்சைப் பிள்ளை மேல காசநோய்னு பழி போட உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு? அத்தைன்னு கூப்பிடறாளே, அந்த ஒரு வார்த்தைக்காவது கூசலையா?"

துணி மடித்துக்கொண்டிருந்த நாத்தனார் மெல்ல நிமிர்ந்தாள். "என்ன உளர்ற?"

"நடிக்காதீங்க. தபால்காரருக்குப் போன் போட்டது நீங்க இல்லாம வேற யாரு?"

"வாயை அடக்கிப் பேசு. எனக்கு உன்னைப் பிடிக்காது. அதை உன் மூஞ்சிக்கு நேராவே சொல்றேன், பதினோரு வருஷமா சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். முதுகுக்குப் பின்னாடி ஊதுற பழக்கம் எனக்குக் கிடையாது. அந்த ஆள் நம்பரைக் கொடு."

"எதுக்கு?"

"கொடுடீங்கிறேன்!"

நாத்தனார் எண்களைக் குத்தினாள். ஸ்பீக்கரில் போட்டாள். "ஐயா, அந்தப் பொண்ணோட நாத்தனார் பேசறேன். அந்தப் பிள்ளைக்குக் காசநோய்னு நான் போன் பண்ணினேனா?"

"நீங்க இல்லையேம்மா. ஆம்பளைக் குரல் அது."

"நம்பர் இருக்குமே, படிங்க."

தபால்காரர் நிதானமாகப் படிக்க ஆரம்பித்தார். ஆறாவது எண் வந்தபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில், பள்ளிக்கூடத்தில், எந்தப் படிவத்திலும் 'அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்' என்ற கட்டத்தில் அவள் யோசிக்காமல் எழுதும் எண் அது. மீதி நான்கையும் அவர் படிக்கும் முன்னால் அவளே முணுமுணுத்தாள்.

நாத்தனார் போனை அணைத்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதவோரம் நின்ற கணவன் பக்கம் திரும்பினார்கள்.

"எதிர்வீட்டுக் கீழ் ரூமை அக்கா வீட்டு மச்சானும் நானும் கடைக்குப் பேசி வெச்சிருக்கோம்" என்றான் அவன், சுவரைப் பார்த்து. "சொன்னா ஒத்துக்க மாட்டேன்னு தெரியும். அங்க ஒன்பது வருஷமா நடத்தின கடையை உனக்காக மூடிட்டு வர்றேன். போர்டைக் கழற்றினப்ப நீ வந்து பார்த்தியா? வேலை உனக்கு, ஊர் உனக்கு, தெருவும் நீயே பொறுக்குவே. நான் பின்னாடியே பெட்டி தூக்கிக்கிட்டு வரணும், அவ்வளவுதானே?"

அதில் நியாயம் இருந்தது. போர்டைக் கழற்றிய அன்று அவள் போகவில்லைதான். இந்த வார்த்தைகளை முந்தின நாள் சொல்லியிருந்தால் அவள் உட்கார்ந்து கேட்டிருப்பாள்.

"அதுக்கு நான் என்னப்பா பண்ணினேன்?" என்று மகள் கேட்டாள்.

நாத்தனார் மடித்த துணியை அவன் மார்பில் வீசி எறிந்தாள். "ஒரு ஏசிக் கடைக்காகப் பெத்த பிள்ளையைச் சீக்காளின்னு ஊரெல்லாம் சொல்லுவியாடா? த்தூ! நீ என் கூடப் பிறந்தவன்னு வெளியில சொல்லிக்காதே." பிறகு அதே மூச்சில் அவள் பக்கம் திரும்பினாள். "நீ ஒண்ணும் இளிக்காதே. உன் பக்கம் சாய்ஞ்சுட்டேன்னு நினைச்சுக்காதே. என் மேல பழி போட்டியே, அதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"மறக்க வேண்டாம் அண்ணி. தப்பு என் மேலதான்."

"ஆமா, உன் மேலதான்."

தபால்காரர் வீட்டுக் கதை அத்தோடு முடிந்தது. மறுபடி கூப்பிட்டு விளக்கம் சொன்னபோது, "இவ்வளவு சண்டை இருக்கிற குடும்பம் எனக்கு வேண்டாம்மா" என்று வைத்துவிட்டார். லீவு முடிய அரை நாள்தான் இருந்தது. அவள் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு அதே ஏரியாவில் தெருத் தெருவாக ஏறி இறங்கினாள். கடைசியில் ஒரு சலவைக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில், இரண்டு சின்ன அறைகள் கிடைத்தன. லிஃப்ட் கிடையாது. குளியலறைக் கதவு பாதிதான் சாத்தும். மகளிடம், "மூச்சை நல்லா இழுத்து விடு" என்றாள். மகள் இழுத்தாள், விட்டாள், "சோப்பு வாசனை வருதும்மா" என்றாள். ஒப்பந்தத்தில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அவள் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்காரி கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாளே ஒழிய ஒன்றும் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்துச் சாமான் லாரி வந்தது. அன்று மத்தியானம் நாத்தனாரிடமிருந்து போன்.

"என்னடி இது? இவன் துணிமணி, டூல்ஸ் பெட்டி, பழைய கம்ப்ரஸர் எல்லாம் என் வாசல்ல இறக்கிட்டுப் போறான் லாரிக்காரன்!"

"அவர் கேட்ட ஏரியா அதுதானே அண்ணி."

மறுமுனையில் பட்டறை கிர்ரென்று இழுத்துக்கொண்டே போனது. "இவனுக்கு நான் ஆக்கிக் கொட்டணுமா?"

"உங்க தம்பிதானே."

"திமிர் பிடிச்சவளே" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவன் மாடிக்குக் குடிபோனான். கீழே கடையும் திறந்தான். மகளைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் சலவைக் கடை வரைக்கும் வருவான். மகள் கீழே இறங்கிப் போவாள், ஆனால் அவனிடமிருந்து ஒரு கை தூரம் தள்ளியே நடப்பாள். கிட்ட வா என்றாலும் வர மாட்டாள். தாயும் அவளை வற்புறுத்தவில்லை, அவனையும் மேலே வரச் சொல்லவில்லை. தலைமை டெக்னீஷியன் வேலையில் வாரத்துக்கு ஆறு நாள் நின்றபடியே போனது. ஏழாவது நாள் ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுப் படுத்தாள். கீழே மகள் அப்பாவிடம் என்ன பேசுகிறாள் என்று அவள் எட்டிப் பார்த்ததில்லை.