கங்கையிலதான் கரைக்கணும்

சிட்லபாக்கத்தில் இருந்துகொண்டு ஒருவன் இமயமலைக்குப் போகிறேன் என்று வாயைத் திறந்து சொல்லக் கூடாது. சொன்னால் தொலைந்தான். நான் சொன்னேன்.

அது 1988. கிண்டியில் ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். பெயர் பத்ரிநாராயணன். பெயரிலேயே மலையை வைத்துவிட்டார்கள், ஆளை மட்டும் கிண்டி ஸ்டேஷனைத் தாண்ட விடவில்லை. தங்கை கல்யாணம், அப்பா ஆபரேஷன், ஆபீஸில் ஆடிட் என்று வருஷா வருஷம் ஏதாவது ஒன்று வந்து குறுக்கே படுத்துக்கொள்ளும்.

நான் போக நினைத்தது கோயிலுக்கு இல்லை. குல்லுப் பள்ளத்தாக்கில் ஒரு மலையேற்றச் சங்கம் ஒவ்வொரு மே மாதமும் முகாம் போடுகிறது. முதுகில் மூட்டையைச் சுமந்துகொண்டு காட்டு வழியே ஏறி, பனி மூடிய கணவாய் ஒன்றைக் கடந்து அந்தப் பக்கம் இறங்க வேண்டும். ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்த தரை மடிந்து மடிந்து எழுந்த மலை அது. அந்த உயரத்துப் பாறையில் இன்றைக்கும் சிப்பி அகப்படுகிறதாம். படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. ஆனால் நாற்பத்தைந்து வயது ஆகிவிட்டவர்களை அந்தச் சங்கத்தில் சேர்ப்பதில்லை. எனக்கு மறு வருஷம் அக்டோபரில் நாற்பத்தைந்து. இந்த மேயும் அடுத்த மேயும் போனால் போனதுதான்.

பழகிக்கொள்வதற்காகத் தினமும் விடியற்காலையில் முதுகுப் பையில் ரேஷன் அரிசியைக் கட்டிக்கொண்டு ஊர்ப் பக்கத்துக் குன்றான பச்சைமலை ஏறுவேன். அங்கே சுள்ளி பொறுக்குகிற கன்னியம்மா முதல் நாளே கேட்டுவிட்டாள்.

"இன்னா சார், மூட்டையத் தூக்கினு மேல போய்கினு கீற? வூட்ல சண்டையா?"

"இல்லம்மா, இமயமலை ஏறப் போறேன். அதுக்குப் பழகறேன்."

"அதுக்கு இன்னாத்துக்கு சார் அரிசி? அங்க சோறு கெடைக்காதா?"

கன்னியம்மாவையாவது மன்னிக்கலாம். பக்கத்து வீட்டு ஸ்ரீநிவாசராகவனை மன்னிக்க முடியாது. என்னைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர். சென்ட்ரல் கவர்மென்ட் ஆபீசர், வாயும் சென்ட்ரல் கவர்மென்ட் அளவுக்குப் பெரியது. காலையில் குரோம்பேட்டை பிளாட்பாரத்தில் நாலு பேர் கூடியிருக்கும்போதுதான் ஆரம்பிப்பார்.

"என்ன பத்ரி, எவரெஸ்ட் எவ்வளவு கிட்ட வந்திருக்கு?"

ஒரு நாள் பொறுக்க முடியாமல் பதில் சொன்னேன். "சிரிக்காதீங்கோ சார். அந்த மலையை அளந்த சர்வேயே நம்ம பரங்கிமலைப் பக்கத்துலதான் ஆரம்பிச்சது. இங்க சங்கிலி போட்டு அளந்த நீளத்தை வெச்சுண்டுதான் வெள்ளைக்காரன் முக்கோணம் முக்கோணமா வடக்க போனான். இமயமலை வரைக்கும் அப்படியே போனான்."

"அவன் சங்கிலியை இழுத்துண்டு நடந்தே போயிட்டான். நீ எலெக்ட்ரிக் ட்ரெயின்ல ஏறியும் கிண்டியிலயே இறங்கிடறியே!"

பிளாட்பாரமே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த மே மாதமும் எனக்கு லீவு கிடைக்கவில்லை. அதே மே மாதம் அவர் மாரடைப்பில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார், திரும்பி வரவில்லை. என்னதான் கோபம் இருந்தாலும் அதற்கப்புறம் பிளாட்பாரம் வெறிச்சென்று இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

மறு வருஷம், எனக்கு மிச்சமிருந்த கடைசி மேயில், முகாமில் இடம் கிடைத்தது, லீவும் கிடைத்தது. அவ்வளவுதான், தெருவே என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. ஒருத்தருக்கு ருத்ராட்சம். ஒருத்தருக்குச் சாளக்கிராமம், அதுவும் சின்னதாக, கறுப்பாக. எதிர்வீட்டுக்காரருக்குப் பத்ரிநாத் பிரசாதம்.

"சார், நான் போறது குல்லு. பத்ரி வேற பக்கம், குல்லு வேற பக்கம்."

"எல்லாம் ஒரே மலைதானே சார்?"

ஒரே மலையாம். நம் ஊரிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிற தூரத்தைப்போல மூன்று நான்கு மடங்கு நீளத்துக்குக் கிடக்கிறது அது. யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

இதெல்லாம் பரவாயில்லை. கிளம்புவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது கிட்டு வந்தார். அஸ்தினாபுரத்தில் இருக்கிறவர், பக்கத்து வீட்டு ராகவன் சாரின் தம்பி. கையில் வாய் கட்டிய சின்னத் தாமிரச் சொம்பு.

"அண்ணாவோட அஸ்தி. கொஞ்சம் எடுத்து வெச்சிருந்தோம். பையன் அமெரிக்காலேர்ந்து வந்து கரைக்கறதா இருந்தான். லீவு கிடைக்கலையாம். வருஷாப்திகம் வரது, அதுக்குள்ள கங்கையிலதான் கரைக்கணும். உன் கையிலதான் குடுக்கணும்னு மன்னி சொல்லிட்டா."

"கிட்டு சார், நான் போற எடத்துல கங்கை இல்லை."

"ஹிமாலயத்துல கங்கை இல்லாம வேற எங்க இருக்கும்?" என்று சொல்லிவிட்டுச் சொம்பை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் அண்ணாவின் வருஷாப்திகம், அதாவது முதல் வருஷத் திவசம், நான் கணவாயில் இருக்க வேண்டிய நாளில் வந்தது. அப்படியென்றால் முகாமுக்குப் போவதற்கு முன்பே ஹரித்வார் போயாக வேண்டும். அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று என் மனைவி நாகலக்ஷ்மி சொம்பை வாசல் வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டாள்.

"முடியாதுன்னு திருப்பிக் குடுத்துடவா?" என்றேன்.

"அஸ்தி விஷயத்துல முடியாதுன்னு சொல்லுவாளோ? நன்னாருக்கே!"

மரத்தில் தொங்கியபடி ராகவன் சார் ஒரு வாரம் நான் மூட்டை கட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். செத்தும் இந்த மனுஷன் என்னை விடவில்லையே என்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

டில்லி பஸ் ஸ்டாண்டில் ஒரு பக்கம் குல்லு பஸ், இன்னொரு பக்கம் ஹரித்வார் பஸ். முதுகில் என் மூட்டை, கையில் அவர் சொம்பு. நேரே குல்லு போய்விடலாம் என்று மனசு அடித்துக்கொண்டது. முகாமுக்கு எதிரிலேயே பியாஸ் நதி ஓடுகிறது. அதில் விட்டுவிட்டுக் கங்கை என்று சொன்னால் சிட்லபாக்கத்தில் எவனுக்குத் தெரியும்? எவனுக்கும் தெரியாது. எனக்குத் தெரியுமே! பியாஸ் போய் சட்லெஜில் சேரும், சட்லெஜ் சிந்துவில் சேரும், சிந்து கராச்சிப் பக்கம் கடலில் விழும். ஆயுசு முழுக்கக் கவர்மென்ட் ஆபீசராக இருந்தவரைப் பாஸ்போர்ட் இல்லாமல் பாகிஸ்தானுக்கு அனுப்பிவிட்டு, அவர் மனைவி ரமா மாமி முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? ஒன்றும் தெரியாதவனாக இருந்திருந்தால் நிம்மதியாகக் குல்லு பஸ்ஸில் ஏறியிருப்பேன். மேப்பைப் பார்த்துப் பார்த்துக் கெட்டேன். ஹரித்வார் பஸ்ஸில் ஏறினேன்.

ஒரு நாள் கையில் இருந்தது. போய்விட்டு வந்துவிடலாம் என்றுதான் கணக்கு. கங்கைக்கரைப் புரோகிதர் கோத்திரம் கேட்டார், மூன்று தலைமுறைப் பெயர் கேட்டார். சொன்னேன். சொம்பைக் கவிழ்த்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் வெயில் மங்கலுக்குள் ஒரு மண் நிற மேடு. மலையின் கடைசிப் படி அது. பனியாவது மண்ணாவது! நம் ஊர்ப் பச்சைமலையைப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் தம்பி என்றுதான் சொல்வார்கள்.

திரும்புகிற வழியில் கரும்பு லாரி ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது. ராத்திரி முழுக்க பஸ் நகரவில்லை. டிரைவர் இறங்கிக் கரும்பு கடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் வாயிலிருந்து அதைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது.

நான் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது என் கோஷ்டி காலையிலேயே ஏறிவிட்டிருந்தது. முகாம் அதிகாரி நல்ல மனுஷன். என்னைத் தனியாக அனுப்ப முடியாது, மற்ற கோஷ்டிகளில் இடமில்லை, அடுத்த வருஷம் வாங்க என்றார். என் வயதைச் சொன்னேன். அவர் டீ வரவழைத்துக் கொடுத்தார்.

டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஆற்றங்கரைப் பாறையில் உட்கார்ந்தேன். மேலே கணவாய் தெரிந்தது, அதன்மேல் பனி தெரிந்தது. தேவதாரு மரங்களுக்கு நடுவே பாதை வளைந்து ஏறுவதுகூடத் தெரிந்தது. கால் தயாராக இருக்கிறது, மூட்டை தயாராக இருக்கிறது, மலை எதிரே நிற்கிறது. ஏறத்தான் முடியாது. பியாஸைப் பார்த்து, "நீ கொஞ்சம் அந்தப் பக்கமா ஓடித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று வாய்விட்டுத் திட்டினேன். அழுதேன் என்றும் சொல்லலாம். பக்கத்தில் யாரும் இல்லை.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக ஹரித்வாரில் வாங்கிய புதுச் சொம்பில் கங்கை ஜலத்தை எடுத்துக்கொண்டு ரமா மாமி வீட்டுக்குப் போனேன். மாமி கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கோ பத்ரி. நல்லபடியா ஆச்சா?"

"ஆச்சு மாமி. ஹரித்வார்ல, பிரம்ம குண்டத்துலயே கரைச்சேன். ஒரு குறையும் இல்லை."

மாமி சொம்பை வாங்கவில்லை. "ஹரித்வாரா? நீங்க மலைக்குன்னா போனேள்?"

"கங்கையிலதான் கரைக்கணும்னு நீங்க சொன்னதா கிட்டு சார்..."

"கிட்டு சொல்லுவான். நான் கங்கைன்னு சொல்லவே இல்லை. பத்ரி எந்த மலை ஏறறாரோ அங்க விடட்டும்னேன். ஆஸ்பத்திரியில படுத்துண்டு அவர் சொன்னது அது. 'பத்ரி எப்படியும் ஒரு நாள் ஏறிடுவான். அவன் மூட்டையில என்னையும் போட்டு அனுப்பிடு. உசுரோட கேட்டா என்னைக் கூட்டிண்டு போக மாட்டான், அவ்வளவு கேலி பண்ணியிருக்கேன்'னார்."

கிட்டுவின் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. பக்கத்து வீடு, நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர். நான் எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த மனுஷரும் நானும் இந்நேரம் கணவாயைத் தாண்டியிருப்போம். துக்க வீட்டில் எப்படிக் கேட்பது என்று நானும் கேட்கவில்லை. கிட்டு இருக்கிறாரே என்று மாமியும் சொல்லவில்லை.

"முன்னாடியே என்கிட்டச் சொல்லக் கூடாதா மாமி?" என்று கத்தியேவிட்டேன்.

மாமி கோபித்துக்கொள்ளவில்லை. "அவரைக் கரைச்ச எடத்துலேர்ந்து மலையாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சுது மாமி. நம்ம பச்சைமலை ஒசரத்துக்கு."

"அது அவருக்குப் போறாதே, பத்ரி."

"எனக்கும் போறலை மாமி" என்றேன்.