ராகம் பிசகாத வாசிப்பு

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, கப்பலேறப் போனவர்கள் படித்த பாடத்தைச் சொல்கிறேன், பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்...

தங்கை மாப்பிள்ளை வாசிக்கும் குரலில் ஒரு குறையும் இல்லையே, பிறகு ஏன் மனசு ஒப்பமாட்டேன் என்கிறது என்று அப்துல் மஜீதுக்கு விளங்கவில்லை. பினாங்குக் கடையில் பல வருஷம் நின்றுவிட்டு ஊர் திரும்பியவன், ஆவுடையார்கோவிலுக்குக் கிழக்கே இந்தக் கடலோர ஊரில், மலாயாவுக்குக் கிளம்பும் ஆட்களுக்கு சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு மலாய் சொல்லிக்கொடுக்கிறான். எழுத்துப் படிப்பிக்க வேண்டியதே இல்லை, மலாயை அங்கே அரபு எழுத்தில்தான் எழுதுகிறார்கள், இவர்களோ சின்ன வயதிலிருந்து ஓதி வளர்ந்தவர்கள், பார்த்த மாத்திரத்தில் வாசித்துவிடுகிறார்கள், அதிலும் தங்கை நசீராவின் மாப்பிள்ளை ஷேக் பரீது வாசித்தால் தெருவில் போகிறவரும் நின்று கேட்கிறார்... தேன்தான், ஆனால் என்ன வாசித்தான் என்று எவராவது கேட்டாரா? வெள்ளிக்கிழமை கப்பல். போகிற இடம் கடைத்தெருவா, காட்டை ஒட்டிய ரப்பர் தோட்டம், நாற்பத்தெட்டாம் வருஷத்திலிருந்து அங்கே காட்டுக்குள் ஒளிந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரனுக்குச் சண்டை, அவன் பட்டாளம் வழியெல்லாம் பலகை நட்டிருக்கிறதாம், தாண்டினால் கூப்பிட்டு விசாரிக்கமாட்டார்களாம், சுடுவார்களாம்... நசீராவுக்கு இது ஏழாம் மாசம்.

அதனால்தான் இன்று 'உள்ளே வராதே, வந்தால் சுடப்படுவாய்' என்று மலாயில் எழுதி உள்ளறைக் கதவில் மாட்டினான், எல்லாம் பாடத்தில் வந்த சொற்கள்தான். வழக்கம்போலத் தண்ணீர் குடிக்க எழுந்த ஷேக் பரீது பலகை முன் நின்றான், தொண்டையைச் செருமினான், கடைசிச் சொல்லை நீட்டி இறக்கி அழகாக வாசித்தான், மற்றவர்கள் தலையாட்டினார்கள், அவன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது... வாயைத் துடைத்தபடி திரும்பி வந்தான்.

"என்ன மச்சான், பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க, ராகம் தப்பிருச்சா?"

"தப்பல. என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க மச்சான்."

"அர்த்தமா?" ஷேக் பரீது சிரித்தான். "அங்கிட்டுப் போனா அது தன்னால வந்துரும்."

தன்னால வரும்... நின்று யோசிக்க நேரம் கொடுப்பவர்களா அந்தப் பட்டாளத்துக்காரர்கள்? வெள்ளிக்கிழமைக்குள் உட்கார வைத்து ஒவ்வொரு சொல்லுக்கும் இது என்ன, இது என்ன என்று கேட்கலாம், கேட்டுத்தான் ஆகவேண்டும், ஆனால் இத்தனை மாதத்தில் ஒரு நாளாவது கேட்டோமா, ராகம் பிசகினால் மட்டும்தானே திருத்தினோம்... அந்த எண்ணத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் வந்தது. இதே பாடத்தைப் படித்துவிட்டுப் போன கப்பலில் ஏறிய ஜெகபர் சாதிக், இவனைவிட நன்றாக வாசிப்பான், அவனிடமும் அர்த்தம் கேட்டதில்லை.

உங்கள் வீட்டு ஆட்கள் எந்தக் கரையில் இருந்தாலும், பொழுது சாய்வதற்குள் அவரவர் சோற்றுத்தட்டுக்குத் திரும்பி வரட்டும், கண்ணுகளா.