திரும்பத் திரும்ப வந்த கார்

செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சகாதேவனின் மெக்கானிக் ஷெட். முன்பக்கத்தில் இருந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையை அவன் மனைவி சிந்துஜா பார்த்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்தக் கடையில் வாய்விட்டுச் சிரித்து அவன் கேட்டதில்லை. ஆதவன் வந்த அன்றுதான் கேட்டான்.

ஆதவன் அவளோடு காலேஜில் படித்தவன். சென்னை வேலையை விட்டுவிட்டு, கிரிவலப் பாதையிலிருக்கும் சொந்த ஊரான அடி அண்ணாமலைக்கே திரும்பியிருந்தான். அவன் அப்பாவின் பழைய பெட்ரோல் கார் சிக்னலில் நின்றால் நடுங்குகிறதாம், சில சமயம் அணைந்தே போகிறதாம். சகாதேவன் பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தான். சீராகத்தான் ஓடியது. இருந்தாலும் பிளக்குகளை மாற்றி, காற்று உள்ளே போகும் வழியைக் கழுவிக் கொடுத்தான். அதுவரை ஆதவன் கடையில் உட்கார்ந்து, "சிந்து, சிந்து" என்று பழைய கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தான். வீட்டில்கூட யாரும் அவளை அப்படிக் கூப்பிடுவதில்லை.

அன்று ராத்திரி சாப்பிடும்போது, பிரேக்கில் கால் வைத்தால்தான் வண்டி ஆடுகிறது என்று ஆதவன் சொன்னதாக அவள் சொன்னாள்.

"அவன் மெக்கானிக்கா, நான் மெக்கானிக்கா?" என்றான் சகாதேவன். அவள் பேச்சை விட்டுவிட்டாள்.

அந்த வாரமே கார் திரும்பி வந்தது. சகாதேவன் சென்சார் ஒயர்களைச் சரிபார்த்தான், பெட்ரோல் ஃபில்டரை மாற்றினான். அவன் கை எஞ்சினில் இருந்தது, காது கடையில் இருந்தது. வண்டி போன சில நாளிலேயே மறுபடியும் வந்தது. "அண்ணா, அதே தொல்லைதான்" என்று சிரித்துக்கொண்டே இறங்கிய ஆதவன், ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்தான்.

சகாதேவனுக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது. தன் ஷெட்டில் ஒழுங்காக ஓடும் வண்டி வெளியே போனால் மட்டும் ஏன் கெடுகிறது? இவனே எதையாவது கழற்றிவிட்டு, அந்தச் சாக்கில் வருகிறான். ஒவ்வொரு இணைப்பிலும் ஒவ்வொரு கிளிப்பிலும் மஞ்சள் பெயின்டால் ஒரு பொட்டு வைத்தான். கை வைத்தால் பொட்டு விரிசல் விடும். அன்றைக்கு இருக்கிறது அவனுக்கு என்று காத்திருந்தான்.

பௌர்ணமிக்கு மறுநாள் கார் வந்தது. முந்தைய நாள் கிரிவலக் கூட்டத்தில் சிக்கி வழியெல்லாம் அணைந்து அணைந்து நின்றதாக ஆதவன் சொன்னான். சகாதேவன் பானெட்டைத் தூக்கினான். பொட்டு ஒன்றுகூடக் கலையவில்லை. அவனுக்கு நிம்மதி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. யாரும் கை வைக்கவில்லை என்றால், குறை தன் வேலையில்தான்.

அப்போதுதான் சிந்துஜா சொன்னது நினைவுக்கு வந்தது. ஷெட்டில் வண்டி நிற்கும்போது யார் பிரேக்கை மிதிக்கிறார்கள்? அவளைக் கூப்பிட்டு டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னான். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதிக்கச் சொன்னான். வண்டி உடனே உதறத் தொடங்கியது.

"கால்கிட்ட புஸ்ஸுனு சத்தம் வருது" என்றாள்.

பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் பூஸ்டருக்கு எஞ்சினிலிருந்து போகும் ஹோஸைக் குறடால் இறுக்கிப் பிடித்தான். அவள் பிரேக்கை மிதித்தபடியே இருக்க, நடுக்கம் நின்றது. பூஸ்டருக்குள் ரப்பர் கிழிந்து, மிதிக்கும்போதெல்லாம் வேண்டாத காற்று எஞ்சினுக்குள் புகுந்திருக்கிறது. பூஸ்டரையே மாற்றினான். ஆதவன் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, இப்போது எங்கேயும் நடுங்கவில்லை என்று சகாதேவனின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

கார் போன பிறகு சிந்துஜா கேட்டாள். "அந்த மஞ்சப் பொட்டு எதுக்கு?"

"யாராவது கை வச்சா தெரியட்டும்னு."

அவள் முகம் மாறியது. "யாராவதுன்னா ஆதவன்தானே?"

அவன் குறடை எடுத்துத் துடைக்கத் தொடங்கினான்.

"நான் சொன்னத அன்னிக்கே காதுல வாங்கியிருந்தா அவன் ரெண்டாவது தடவ வந்திருக்கவே மாட்டான். அவன் வந்தா என்கிட்ட பேசுறான், நானும் சிரிக்கிறேன். அவ்ளோதாங்க. நீங்க எப்ப கடைப்பக்கம் வந்து உக்காந்து பேசுனீங்க?"

அன்று முழுவதும் அவள் அவனிடம் பேசவில்லை. மறுநாள் சகாதேவன் கையைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போய் அவள் எதிரே உட்கார்ந்தான். என்ன பேசுவது என்று தெரியவில்லை. காலேஜில் எந்தக் கேண்டீனில் சாப்பிடுவாள் என்று கேட்டான். முதலில் வேண்டாவெறுப்பாகச் சொன்னவள், போகப்போகக் கை ஆட்டி விவரிக்கத் தொடங்கினாள். கதையின் நடுவில் ஆதவன் பெயர் வந்தது. எழுந்து போகத் தோன்றியது. போகாமல், "அப்புறம்?" என்றான்.