மூடினாலும் சம்மதம்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் திரையின் மூலையில் ஒரு பெட்டி எட்டிப் பார்த்தால் அதைப் படிக்கக் கூடாது. யோசிக்கவும் கூடாது. பெருக்கல் குறியை அமுக்கி மூடிவிட வேண்டும். இது என் வீட்டுக்காரர் போட்ட சட்டம். காலமெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதர் அவர். குறுக்கே நாய் வந்தால் அது என்ன நிறம் என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, கால் தானாக பிரேக்குக்குப் போக வேண்டும் என்று சொல்லியே ஊரில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவர். அதே பாடத்தை எனக்கு மௌஸை வைத்து நடத்தினார். நாற்காலியில் உட்கார வைத்து, பெட்டி வந்ததும் நான் அமுக்கும் வேகத்தைப் பக்கத்தில் நின்று கவனித்தார். மின் கணக்கு எடுக்க வந்தவரைக்கூட அவர் விடவில்லை. போகிற போக்கில் அவரும் ஒரு தடவை அமுக்கிவிட்டுத்தான் போனார்.

அந்தப் பெட்டி கேட்டதெல்லாம் ஒன்றுதான். உங்கள் கம்ப்யூட்டருக்குப் புதிய பதிப்பு தயார், காசு வேண்டாம், போட்டுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சும். வேண்டாம் என்று விரட்டினால் மறுநாளும் சிரித்த முகத்தோடு வந்து நிற்கும். நல்லதைத்தானே சொல்கிறது, போட்டுக்கொண்டால் என்ன என்று யாரும் கேட்கலாம். புதிய பதிப்பில் தகரம் ஓடாது. அதுதான் விஷயம்.

தகரம் என்பது என் வீட்டுக்காரரின் குரல்.

தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். ஆளைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள், அதற்கு அந்த டாக்டரம்மாவை நான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் வண்டிக்குள் உட்கார்ந்து அவர் கத்தினால் பக்கத்து வண்டிக்காரன் பிரேக் போடுவான், அப்படிப்பட்ட குரல் போய்விட்டது. அதற்கப்புறம்தான், தட்டுவதைப் படித்துச் சொல்லும் ஒரு புரோகிராமைக் கம்ப்யூட்டரில் போட்டார். போனில் இதெல்லாம் இருக்கிறதே என்பார்கள். அவர் விரல் தடிமனுக்கு ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று விழும். வெளியே போனால் ஒரு சின்னப் பலகையும் பேனாவும்தான். வீட்டுக்குள் தகரம்.

பெயர் வைத்தது நான். காலி டப்பாவுக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி ஒரு ஓசை. கேள்வியும் ஒரே ராகம், கோபமும் ஒரே ராகம். அதனால் நான் குரலைக் கேட்பதில்லை, கீபோர்டைக் கேட்பேன். படபடவென்று தட்டினால் கோபம். விட்டு விட்டுத் தட்டினால் ஏதோ வேண்டியிருக்கிறது. நான் சமையலறையிலிருந்து ஒன்று கேட்பேன், கூடத்திலிருந்து தகரம் ஒன்று சொல்லும், நான் அதற்கு மேல் ஒன்று சொல்வேன். இப்படித்தான் எங்கள் குடித்தனம் நடந்தது, சண்டை உட்பட.

தகரத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. முதல் நாள் அதன் பெட்டியில் கடைசியாக என்ன தட்டியிருந்ததோ அதை அப்படியே வைத்திருந்து, மறுநாள் திறந்ததும் முதல் வேலையாக அதைப் படிக்கும். விடிந்ததும் விடியாததுமாக "லைட்டை அணை" என்று எங்கள் வீட்டில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறது. சண்டையைப் பாதியில் விட்டுத் தூங்கினால் காலையில் அது விட்ட இடத்திலிருந்து தொடரும். அதற்காகவே பல சண்டைகளை அன்றன்றைக்கே முடித்திருக்கிறோம்.

முடிக்காமல் விட்டது ஒன்றே ஒன்று. நான் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று சொன்னதில் வந்தது.

அவருடைய பயிற்சி வண்டி வாசலில் உறை போர்த்தி நிற்கிறது. பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் வைத்த வண்டி. வாரம் தவறாமல் அதைக் கிளப்பி, துடைத்து, மறுபடி போர்த்துவார். குரல் போனதிலிருந்து தெருவில் ஓட்டுவதையும், கற்றுக்கொடுப்பதையும் விட்டுவிட்டார். சாலை விதிகளை மட்டும் வீட்டிலேயே தகரத்தை வைத்து நடத்திக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் நான், ஆஸ்பத்திரிக்குப் போக அடுத்தவர் வண்டிக்காக இனிமேல் தெருவில் நின்று கையாட்ட மாட்டேன், எனக்குக் கற்றுக்கொடுங்கள் என்றேன். முடியாது என்றது தகரம். ஏன் என்றேன். வண்டிக்குள் கம்ப்யூட்டர் இல்லை, நீ லாரியைப் பார்த்துப் போகும்போது நான் பலகையில் எழுதியா காட்டுவேன் என்றது. அதில் ஒரு வலி இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை அடக்க முடியவில்லை. உங்களுக்கு உங்கள் கௌரவம்தான் பெரிசு, நான் வேற ஆளிடம் கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். உள்ளே இருந்தபடி காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். கீபோர்டு சத்தம் கேட்டது. வேகமும் இல்லை, மெதுவும் இல்லை, நான் இதுவரை கேட்டிராத ஒரு சீர். பிறகு நின்றது. தகரம் ஒன்றும் சொல்லவில்லை. போகட்டும் என்று நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

காலையில் கூடத்துக்கு வந்தால் திரையில் மலையும் ஏரியுமாக ஒரு படம். எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்று ஒரு வரி வேறு. அவர் அதற்கு முன்னால் பிடித்து வைத்த பிள்ளையாராக உட்கார்ந்திருந்தார். தகரத்தின் படத்தை அமுக்கினார், இது இந்தப் பதிப்பில் இயங்காது என்று வந்தது. மறுபடி அமுக்கினார், மறுபடி வந்தது.

அதுவாகவே ஆகிவிட்டது என்று பலகையில் எழுதிக் காட்டினார். கேட்டுக்கொண்டேன். மனுஷர் பொய் சொன்னால் மூக்கு நுனியைத் தேய்ப்பார், அப்போதும் தேய்த்தார்.

ஜெராக்ஸ் கடைக்காரம்மா வந்து பார்த்தாள். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதும் அவள்தான். பெட்டி வாசகத்தை மாற்றிவிட்டார்களாம். "இன்று மாலைக்குக் குறித்தாகிவிட்டது" என்று போட்டு, அதற்கும் கீழே பொடி எழுத்தில் வேண்டாம் என்றால் இங்கே அமுக்கவும் என்று வைத்திருக்கிறார்கள். பெருக்கல் குறியை அமுக்கினால் சரி என்று அர்த்தம். மூடினாலும் சம்மதம்தான். படிக்கிறவர்கள் எல்லாரும் தப்பித்துக்கொண்டார்கள், படிக்காமல் அமுக்குகிறவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள் என்றாள். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஏரியைப் பார்த்தார்.

பழையதற்குத் திரும்ப வழி இருக்கிறது, ஆனால் கொஞ்ச நாள்தான் திறந்திருக்கும், அப்புறம் பழசை அது துடைத்துவிடும் என்றாள். தகரத்தைச் செய்தவர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள், அதனால் புதிதாக வாங்கிப் போடவும் முடியாது. இதில் இன்னொரு பயமும் இருந்தது. மிஷின் பழசு, திரும்பும்போது நடுவழியில் படுத்தாலும் படுத்துவிடும். அப்படி ஆனால் அதுவும் இருக்காது, இதுவும் இருக்காது. யோசித்துச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு, புதியதில் ஏற்கெனவே ஒரு குரல் இருக்கிறதே என்று அதைத் திறந்து காட்டிவிட்டுப் போனாள்.

நல்ல குரல். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. விமானத்தில் பெல்ட்டைப் போடச் சொல்லுமே, அந்த மாதிரி வழவழவென்று ஓர் இளவயதுக் குரல். விமானத் தம்பி என்று பெயர் வைத்தேன். சாலை விதி படிக்க வரும் நர்ஸ் பெண், சாருக்கு வயசு குறைந்துவிட்டது என்றாள். இவரும் தலையை ஆட்டி, இதுவே நன்றாகத்தான் இருக்கிறது, எதற்கு வம்பு என்று தம்பியின் வாயால் சொல்லிவிட்டார்.

எனக்குப் பிடிக்கவில்லை. முதலில் அது பழக்கமின்மை என்றுதான் நினைத்தேன். ஈரத் துண்டை நாற்காலியில் போட்டிருந்தார், வழக்கம்போல ஆரம்பித்தேன். தகரமாக இருந்தால் "போட்டா என்ன" என்று வந்திருக்கும், நானும் ஒரு பிடி பிடித்திருப்பேன். விமானத் தம்பி "மன்னிச்சிடு, இனிமே போடல" என்று அவ்வளவு பதவிசாகச் சொன்னதும் எனக்கு யாரோ விருந்தாளியைத் திட்டிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. பரவாயில்லைங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். என் புருஷனிடம் நான் பரவாயில்லைங்க என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அவரும் குறைந்துபோனார். தேவைக்கு மட்டும் தட்டினார். சில சமயம் நீளமாகத் தட்டுவார், நான் காதைக் கொடுத்து நிற்பேன், எல்லாவற்றையும் அழித்துவிட்டு "டீ" என்று மட்டும் தம்பியைச் சொல்ல வைப்பார். வீடு மரியாதையான வீடாக மாறிக்கொண்டிருந்தது. துணிக்கடையில் ஆல்டரேஷன் பார்க்கிற எனக்கு அளவுதான் சோறு போடுகிறது, அந்த வாரம் இரண்டு பேருடைய பேன்ட்டை முழங்காலுக்கு வெட்டி வைத்தேன்.

திரும்பும் வழி மறுநாள் மூடிவிடும் என்று கம்ப்யூட்டரே சொன்ன அன்று, வேலைக்கு மட்டம் போட்டேன். அவர் எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு.

"எனக்கு இந்த ஆளோட சண்டை போட வரலங்க" என்றேன். "என்னமோ வேற யாரோ வந்து உக்காந்து எங்கிட்ட நல்லபடியா பேசிட்டுப் போறாப்ல இருக்கு. எனக்கு உங்க தகரம் வேணும். மிஷின் போனா போகட்டும், பலகையில எழுதிட்டே காலத்தை ஓட்டிக்கலாம். தம்பி வேணாம்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நீதானே அதைத் தகரம் என்று கேலி பண்ணினாய் என்று அந்தப் பார்வையில் இருந்தது. ஆமாம், பண்ணினேன். பிடித்தால்தானே கேலி பண்ணவே வரும்?

எழுந்து அவருடைய நாற்காலியை எனக்குக் காட்டினார். நான் உட்கார்ந்தேன். அவர் ஸ்டூலை இடது பக்கம் இழுத்துப் போட்டு, சுவரில் இருக்கும் சுவிட்சுக்கு எட்டும் தூரத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டார். புதிதாக ஓட்ட வருகிறவர்கள் பக்கத்தில் அப்படித்தான் உட்காருவார், காலைத் தன் பிரேக்கின் மேல் வைத்துக்கொண்டு. நேரே பார் என்று ஒரு விரலால் திரையைக் காட்டினார்.

கடைக்காரம்மா சொன்ன இடத்தைத் தேடி அமுக்கினேன். விடுமா அது? ஏன் திரும்பிப் போகிறீர்கள் என்று கேட்டது. மெதுவாக இருக்கிறதா, பிடிபடவில்லையா என்று வரிசையாகக் காரணம் அடுக்கியது. எதுவும் எனக்கு ஒத்துவரவில்லை. கடைசியில் வேறு காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினேன். "இவர் என் வீட்டுக்காரர் இல்லை."

பக்கத்தில் அவர் தோள் குலுங்கியது. சத்தமில்லாமல் சிரிக்கும்போது அவருக்கு அப்படித்தான் குலுங்கும். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

திரை கறுத்தது. அணைக்க வேண்டாம் என்று ஒரு வரி, அதற்கு மேல் சுற்றிக்கொண்டே இருக்கும் புள்ளிகள். மிஷின் உறுமியது, திணறியது, ஒரு தடவை மூச்சே நின்ற மாதிரி அடங்கியது. நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன், சுவிட்சுப் பக்கம் இருந்த கை அல்ல, மற்றது. போட்டு வைத்த டீயை இரண்டு பேரும் தொடவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. புள்ளிகள் நின்றன. பழைய படம் வந்தது, உறை போடாத பயிற்சி வண்டி.

தகரத்தை அவர்தான் அமுக்கினார். அமுக்கியவர் சட்டென்று ஏதோ ஞாபகம் வந்தவராக அதை நிறுத்தக் கையை நீட்டினார். நான் விடவில்லை. அதற்குள் டப்பா பேச ஆரம்பித்துவிட்டது.

"சரி. நாளைக்கு வண்டியை எடு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். பிரேக் என் காலடியிலயும் இருக்கு. எனக்குக் கத்தத்தான் முடியாது. அதையும்"

அங்கே நின்றது. அன்று சாயங்காலம் அங்கேதான் பெட்டி எட்டிப் பார்த்திருக்கிறது. வாக்கியத்தை முடிக்கும் அவசரத்தில் படிக்காமல் மூடியிருக்கிறார், அதோடு கம்ப்யூட்டர் புதிய பதிப்புக்குப் போய்விட்டது. மனுஷர் மூக்கைத் தேய்க்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். இதைத் தட்டத்தான் அந்தச் சீரான சத்தமா என்று நினைத்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அந்தத் தம்பி வாயால சொல்ல மனசு வரல" என்றது தகரம்.

அந்த நேரம் பார்த்து மூலையில் பெட்டி எட்டிப் பார்த்தது. புதிய பதிப்பு தயார். என் கை தானாகப் பெருக்கல் குறிக்குப் போனது, அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பொடி எழுத்து உட்பட ஒரு வரி விடாமல் படித்தோம். வேண்டாம் என்பது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து அதை அமுக்கினோம்.

"அதையும்னு நிக்குதே" என்றேன். "முடிங்க."

அவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து மெதுவாகத் தட்டினார்.

"அதையும் நீயே பாத்துக்கோ. உனக்குத்தான் நல்லா வருமே."

வண்டிச் சாவியை எங்கே வைத்தீர்கள் என்று நான் போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.